எப்போது எடுத்த ரத்தம்?

கழக்கூட்டம் பைபாஸ் ஓரத்தில் காலை ஏழு மணிக்கெல்லாம் ரத்தப் பரிசோதனை நிலையங்களின் ஷட்டர் ஏறிவிடும். டெக்னோபார்க்கில் வேலை பார்ப்பவர்கள் வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம், திருநெல்வேலிப் பிள்ளைகளும் அதில் உண்டு. 'ஃபுல் பாடி செக்கப்' என்று ஒரு பேக்கேஜ். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, வைட்டமின் டி, கல்லீரல், சிறுநீரகம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம், மஞ்சள் மூடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். சாயங்காலத்துக்குள் முடிவு போனுக்கு வந்துவிடும். வழக்கமான அந்தப் பட்டியலில் பூச்சிமருந்து எச்சம் என்று ஒரு வரி கிடையாது. கேட்டால், கவுன்டரில் இருக்கும் பெண் நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான்.

கேரளத்தின் வட கோடியிலிருந்து தலைநகர் திருவனந்தபுரத்துக்கு வரும் ரயில்கள் கடைசியாகக் கடக்கும் ஊர்களில் ஒன்று கழக்கூட்டம். 2019 ஜனவரி கடைசியில், ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, காசர்கோட்டுத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளோடு திருவனந்தபுரம் வந்து தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தார்கள். தலை பெருத்த பிள்ளைகள், கழுத்து நிற்காத பிள்ளைகள், இருபது வயதாகியும் இடுப்பில் தூக்கிவைக்க வேண்டிய பிள்ளைகள். எண்டோசல்ஃபான் பூச்சிமருந்தின் பாதிப்பு என்று அரசு ஏற்றுக்கொண்ட பட்டியலில் விடுபட்டவர்களைச் சேர்க்க வேண்டும், தருவதாகச் சொன்னதைத் தர வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. 2022 அக்டோபரில் எண்பது வயதைக் கடந்த சமூகப் போராளி தயாபாய் இதே கோரிக்கைகளுக்காக அதே இடத்தில் இரண்டு வாரத்துக்கும் மேல் உண்ணாவிரதம் இருந்தார்.

இத்தனை வருடங்களாக அந்தத் தாய்மார்களிடம் பல வடிவங்களில் கேட்கப்பட்டு வரும் கேள்வி, "உங்கள் பிள்ளைக்கு இந்த மருந்தால்தான் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்பது. ஆதாரம் ரத்தத்தில் இருந்தது. ஆனால் ரத்தம் அதைக் கொஞ்ச காலம்தான் வைத்திருக்கும். அந்தக் காலத்துக்குள் ஊசி போட்டு எடுக்க வேண்டியது யார் பொறுப்பு என்பதைத்தான் இந்த நாடு இன்னும் முடிவு செய்யவில்லை.

மூட முடியாத தண்ணீர்

காசர்கோடு மாவட்டத்தில் கேரள அரசின் பிளாண்டேஷன் கார்ப்பரேஷனுக்குச் சொந்தமாக நாலாயிரத்து ஐந்நூறு ஹெக்டேருக்கு மேல் முந்திரித் தோட்டம். பூக்கும் பருவத்தில் முந்திரியைத் தாக்கும் தேயிலைக் கொசுவைக் கொல்ல, எழுபதுகளின் பிற்பாதியிலிருந்து 2000 டிசம்பர் வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். தோட்டம் மலை மேலே, ஊர் அடிவாரத்தில். என்மகஜே பஞ்சாயத்தின் பட்ரே கிராமம் அப்படி ஓர் இடம்.

தெளிக்கப் போகிறோம், கிணற்றை மூடி வையுங்கள் என்று அறிவிப்பு வரும். அந்தப் பக்கத்து வீடுகளுக்குத் தண்ணீர் வருவது பெரும்பாலும் சுரங்கங்களிலிருந்து. மலையின் விலாவைக் கிடையாகக் குடைந்து, ஓர் ஆள் குனிந்து போகும் அகலத்துக்கு உள்ளே வெட்டிக்கொண்டே போவார்கள். பாறையில் ஊறும் நீர் சிறு வாய்க்காலாக வெளியே வந்து வாசலில் உள்ள மண் தொட்டியில் தேங்கும். குடிக்க, சமைக்க, பாக்கு மரத்துக்குப் பாய்ச்ச எல்லாம் அதுதான். மேலே தெளித்தது மழையில் இறங்கி அந்த மலைக்குள்தான் போகும். அதற்கு எங்கே மூடி போடுவது?

பட்ரேயைச் சேர்ந்த விவசாயப் பத்திரிகையாளர் ஸ்ரீபட்ரே, கன்றுகள் கால் முடங்கிப் பிறப்பதைப் பற்றி ஆரம்ப காலத்திலேயே எழுதினார். அங்கே கிளினிக் வைத்திருந்த டாக்டர் ஒய்.எஸ். மோகன்குமார், சின்ன ஊரில் இத்தனை வலிப்பும் மனவளர்ச்சிக் குறைவும் புற்றுநோயும் ஏன் என்று தன் நோயாளிகளைக் கணக்கெடுக்கத் தொடங்கினார். தெற்கே பெரிய பகுதியில் வேளாண் துறை ஊழியரான லீலாகுமாரி அம்மா 1998இல் ஓஸ்துர்க் முன்சீப் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கினார். எதிரே நின்றது அரசின் கார்ப்பரேஷன். வழக்குப் போட்டவர் அரசு ஊழியர். அந்தத் துணிச்சலுக்கு ஈடு இல்லை.

2001இல் மூன்று தரப்பு ரத்தம் எடுத்தன. டில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் பட்ரேயில் எடுத்த மாதிரிகளில் எண்டோசல்ஃபான் இருப்பதாகச் சொன்னது; அளவுகள் நம்ப முடியாத அளவுக்கு அதிகம் என்று மருந்துக் கம்பெனிகள் சண்டைக்கு வந்தன. பிளாண்டேஷன் கார்ப்பரேஷன் கேட்டுக்கொண்டபடி நம் படப்பையில் உள்ள ஃபிரெட்ரிக் நிறுவனம் ஆய்வு செய்து, மனித ரத்தத்தில் எதுவும் இல்லை என்றது. ஒரே ஊர், ஒரே வருடம், இரண்டு முடிவு. ஊர்க்காரர்கள் யாரை நம்புவார்கள்?

மூன்றாவது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் அகமதாபாத்தில் இயங்கும் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம். அவர்கள் செய்த வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பட்ரேயின் பள்ளிப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். அதோடு, ஹெலிகாப்டர் பறக்காத மீஞ்ச பஞ்சாயத்தின் பள்ளிப் பிள்ளைகளையும் ஒப்பிட எடுத்துக்கொண்டார்கள். 2003 டிசம்பரில் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் வெளியான பகுதியில், 10 முதல் 19 வயது வரையிலான ஆண் பிள்ளைகள் மட்டும்: பட்ரே பக்கம் 117 பேர், மீஞ்ச பக்கம் 90 பேர்.

எடுத்த ரத்தத்தைச் சுழற்றிச் சிவப்பணுக்களைப் பிரித்தால், மேலே வெளிர்மஞ்சளாக ரத்தநீர் நிற்கும். எண்டோசல்ஃபான் கொழுப்போடு ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளது. அதனால் ஹெக்சேன் போன்ற கரைப்பானைக் கலந்து குலுக்கினால் ரத்தநீரை விட்டுக் கரைப்பானுக்குத் தாவிவிடும். அந்தக் கரைசலைச் சுத்தம் செய்து, வற்றவைத்து, ஒரு சொட்டுக்கும் குறைவாக கேஸ் குரோமட்டோகிராஃப் கருவிக்குள் செலுத்துவார்கள். மயிரிழைக் குழாய்க்குள் சூட்டில் ஓடும்போது ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நிமிடத்தில் மறுமுனைக்கு வந்து சேரும். குளோரின் உள்ள பொருள் வரும்போது உணர்கருவி துள்ளும். ஆல்ஃபா எண்டோசல்ஃபானுக்கு ஒரு முகடு, பீட்டாவுக்கு ஒன்று, உடம்பு அதை மாற்றி உண்டாக்கும் எண்டோசல்ஃபான் சல்ஃபேட்டுக்கு ஒன்று. முகட்டின் பரப்பை அளந்தால் எவ்வளவு என்று தெரியும்.

அளவு பிபிபியில் வரும், அதாவது நூறு கோடியில் ஒரு பங்கு. மாடியில் வைத்திருக்கிற ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியில் ஒரு மில்லிகிராம் கரைந்திருந்தால் அது ஒரு பிபிபி. பட்ரே பிள்ளைகளின் ரத்தநீரில் சராசரி 7.47 பிபிபி. மீஞ்ச பிள்ளைகளில் 1.37. பட்ரேயில் நூற்றுக்கு 78 பேரிடம் எச்சம் தென்பட்டது. மீஞ்சயில் 29 பேரிடம்.

இந்த எண்களில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. முதலாவது, மீஞ்சயில் ஏன் பூஜ்யம் வரவில்லை? அங்கே ஹெலிகாப்டர் பறக்கவில்லை. ஆனால் அப்போது எண்டோசல்ஃபான் நாடு முழுக்கப் பருத்திக்கும் காய்கறிக்கும் நெல்லுக்கும் அடிக்கப்பட்ட மருந்து. சோற்றிலும் குழம்பிலும் வந்திருக்கலாம். இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடாதது. அந்த ரத்தம் எடுக்கப்பட்டபோது கடைசித் தெளிப்பு முடிந்து ஏறத்தாழ பத்து மாதம் ஆகியிருந்தது. எண்டோசல்ஃபான் ரத்தத்தில் சில நாள்தான் தங்கும். பத்து மாதம் கழித்தும் இருந்தது என்றால், மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் அது உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கிறது. தெளிப்பு நடந்த அந்த டிசம்பரில், அடுத்த நாளே எடுத்திருந்தால் எவ்வளவு இருந்திருக்கும்? 1990இல்? 1985இல், இன்றைய தாய்மார்கள் பட்ரே பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது? அந்த எண் இனி யாருக்கும் கிடைக்காது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ரத்தத்தில் இருந்தது என்றால் உடம்புக்குள் போனது என்று அர்த்தம். குறிப்பிட்ட ஒரு பிள்ளையின் நோய்க்கு அதுதான் காரணம் என்று அந்த எண் மட்டும் சொல்லாது. அகமதாபாத் ஆய்வு, பட்ரே பையன்கள் வயதுக்கு வருவது தாமதப்படுவதையும் ஹார்மோன் அளவுகள் மாறியிருப்பதையும் காட்டியது. பிறவியிலேயே விதை இறங்காமல் இருப்பது போன்ற குறைகளின் வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியாகவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியது. அதே இதழில் மறுப்புக் கடிதங்கள் வந்தன, ஆய்வாளர்கள் பதில் எழுதினார்கள். விஞ்ஞானம் அப்படித்தான் நடக்கும், நடக்கட்டும். ஆனால் அந்தச் சந்தேகத்தின் விலையை யார் கட்டினார்கள் என்று பாருங்கள். 2011 ஏப்ரலில் ஜெனீவாவில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் எண்டோசல்ஃபான் சேர்ந்தது. மே 13 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க இடைக்காலத் தடை விதித்தது. அகமதாபாத்காரர்கள் அளந்து முடித்து அதற்குள் கிட்டத்தட்டப் பத்து வருடம் போய்விட்டது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு

விஷப் பொருள் ஒவ்வொன்றும் ரத்தத்தில் தங்கும் காலம் வேறு. டிடிடியின் மிச்சம் வருடக்கணக்கில் இருக்கும். ஈயம் ரத்தத்தில் சுமார் ஒரு மாதத்தில் பாதியாகிவிடும், ஆனால் எலும்பில் போய் உட்கார்ந்துகொண்டு பத்திருபது வருடம் மெல்லக் கசியும். போபாலில் 1984 டிசம்பரில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் உடம்பில் நுழைந்த மாத்திரத்தில் வேறு பொருளாகிவிடும். அதை அதுவாகவே ரத்தத்தில் தேடினால் கிடைக்காது.

போபால் காந்தி மருத்துவக் கல்லூரியின் தடயவியல் பேராசிரியர் ஹீரேஷ் சந்திராவும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்குறியியல் அறிஞர் எஸ். ஸ்ரீராமாச்சாரியும் அங்கேதான் முக்கியமான வேலை செய்தார்கள். அந்த வாயு ஹீமோகுளோபினின் ஒரு முனையில் ஒட்டிக்கொள்கிறது என்பதும், ஒட்டிய அடையாளம் ரத்தத்தில் பிடிபடுகிறது என்பதும் அப்படித்தான் தெரியவந்தன. வாயு கண்ணையும் நுரையீரலையும் மட்டும்தான் தாக்கும் என்று சொன்னவர்களுக்கு அது பதில்: ரத்தம் வரை போயிருக்கிறது. ஆனால் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது செத்தால் அடையாளமும் போய்விடும். மூச்சுத்திணறலோடு பல வருடம் கழித்து இழப்பீட்டு நீதிமன்றத்தின் படியேறியவரிடம் அந்தச் சாட்சி இல்லை.

சென்னைக்கு வருவோம். பெட்ரோலில் ஈயம் கலப்பதை இந்தியா 2000இல் நிறுத்தியது. அதற்குப் பிறகும், போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, ஒரு டெசிலிட்டருக்குச் சராசரி 11.4 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. ஆய்வு 2009இல் வெளியானது. அமெரிக்காவில் இன்று 3.5 வந்தாலே அந்தப் பிள்ளை வீட்டில் எங்கிருந்து ஈயம் வருகிறது என்று தேடிப் போகிறார்கள். ரத்தத்தில் ஈயம் கூடக் கூட வகுப்பில் கவனம் சிதறுவதும் கூடுகிறது என்று ஆசிரியர்கள் தந்த மதிப்பீடுகளிலிருந்து அந்தச் சென்னை ஆய்வு கண்டது. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் 'படிப்பு ஏறாதவன்' என்று பேர் வாங்கினார்களோ.

அமெரிக்காவில் மக்களின் உடல்நலத்தைக் கணக்கெடுக்கும் தேசிய அளவிலான ஆய்வு வெகுகாலமாக நடக்கிறது. 1976 முதல் 1980 வரை அதில் எடுத்த ரத்தத்தில் ஈயத்தையும் அளந்தார்கள். நான்கே வருடத்தில் ஈயத்தின் சராசரி சுமார் 37 சதவீதம் இறங்கியிருந்தது. பெட்ரோலில் ஈயம் குறைந்த அதே வேகத்தில் ரத்தத்திலும் குறைந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, பெட்ரோல் ஈயத்துக்கும் பிள்ளைகளின் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்ற கம்பெனிகளின் வாதம் எடுபடவில்லை. அந்த ரத்தத்தை எடுக்கவைக்க யாரும் புகார் கொடுக்க வேண்டியிருக்கவில்லை, யாரும் உண்ணாவிரதம் இருக்க வேண்டியிருக்கவில்லை. வழக்கமாக எடுத்துவைத்த ரத்தம் இருந்தது, அவ்வளவுதான்.

விதி எண் 37

நம்மிடம் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 1971ஆம் வருடத்துப் பூச்சிக்கொல்லி விதிகளில் 37ஆவது விதி, ரத்தப் பரிசோதனையைப் பற்றியே பேசுகிறது. ஆர்கனோபாஸ்பரஸ், கார்பமேட் வகை மருந்துகளைத் தயாரிக்கும் ஆலைத் தொழிலாளர்களின் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் நொதியை மாதம் ஒரு தடவையாவது அளக்க வேண்டும். எண்டோசல்ஃபான் போன்ற ஆர்கனோகுளோரின் வகையைத் தயாரிக்கும் ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை ரத்தத்தில் எச்சம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். தெளிக்கும் வேலை செய்பவருக்கு வருடம் ஒரு மருத்துவப் பரிசோதனை.

ஆக, கொச்சி பக்கம் ஏலூரில் பொதுத்துறை ஆலையில் எண்டோசல்ஃபான் தயாரித்த தொழிலாளிக்கு வருடம் ஒரு ரத்தப் பரிசோதனை என்று காகிதத்திலாவது எழுதியிருந்தது. அது யார் தலை மேல் கொட்டப்பட்டதோ அந்தப் பட்ரே பிள்ளைக்கு அதுகூட இல்லை. இந்த நஞ்சு ரத்தத்தில் சேரும் என்பது அரசுக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்கு இந்த விதியே சாட்சி. தெரிந்துகொண்டே இருபது வருடத்துக்கு மேல் ஹெலிகாப்டர் விட்டார்கள், ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்காமல்.

அதன் பிறகு, ஆதாரம் கொண்டு வா என்றார்கள். பட்டியலில் சேர்க்க மருத்துவ முகாம்கள் நடந்தன. எந்த ஊரில், எந்த வருடம் பிறந்தார், தோட்டத்திலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்று பார்த்துச் சேர்த்தார்கள், நீக்கினார்கள். 2017 முகாமுக்குப் பிறகு நீக்கப்பட்டவர்களின் போராட்டம்தான் தலைமைச் செயலகம் வரை வந்தது. 2017 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவருக்குத் தலா 5 லட்சம் ரூபாயை மூன்று மாதத்துக்குள் கொடுக்கச் சொன்னது. ஐந்து வருடம் கழித்து 2022 மே மாதம் அதே நீதிமன்றத்தில் கணக்கு வந்தது: பாதிக்கப்பட்டோர் 3,704 பேர், பணம் கிடைத்தது 8 பேருக்கு. வழக்குப் போட்ட 8 பேர். படுத்த படுக்கையானோர் 102, மனவளர்ச்சி குன்றியோர் 326, உடல் ஊனமுற்றோர் 201, புற்றுநோய் கண்டோர் 119. மீதி எல்லாரும் 'மற்றவை' என்ற தலைப்பின் கீழ். நீதிபதிகள் கடுமையாகக் கண்டித்த பிறகுதான் பணம் நகர்ந்தது.

தலைநகரில் இல்லாதது

ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் எண்பதுகளிலிருந்து வருடம் தவறாமல் கல்லூரி மாணவர்களிடம் ரத்தம் வாங்கி, திரவ நைட்ரஜன் குளிரில் வைத்துவருகிறார்கள். அன்று பெயர்கூடத் தெரியாதிருந்த ரசாயனத்தை இன்று அந்தப் பழைய ரத்தத்தில் தேட முடிகிறது. அப்படித் தேடி, எது எந்த வருடம் கூடியது, தடை போட்ட பிறகு எது குறைந்தது என்று வரைபடமே போட்டிருக்கிறார்கள்.

கேரளாவால் முடியாத காரியமா இது? கழக்கூட்டத்துக்கு வடக்கே தோன்னக்கல்லில் வைராலஜி நிறுவனம் இருக்கிறது. பாப்பனங்கோட்டு நிஸ்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் டயாக்சின் அளக்கும் ஆய்வகம் இருக்கிறது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பைமலை எரிந்தபோது காற்றில் டயாக்சின் எவ்வளவு என்று ஆராய்ந்தவர்கள் அவர்கள்தான். ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையம் இல்லாத பஞ்சாயத்து அரிது. ஊசி, குழாய், செவிலியர், மைனஸ் எண்பது டிகிரி ஃபிரீசர் எல்லாம் இந்த மாவட்டத்துக்குள்ளேயே உண்டு. குறிப்பிட்ட சில ஊர்களில், வருடம் ஒரு தடவை, சம்மதித்தவர்களிடம் ஐந்து மில்லி ரத்தம் எடுத்து வைக்கும் ஏற்பாடு போதும். ஆலை ஓரத்து ஊர், தோட்டத்து ஊர், எதுவும் இல்லாத ஊர் என்று கலந்து எடுத்தால், பட்ரேக்கு மீஞ்ச போல ஒப்பிடவும் ஆள் இருப்பார்கள். முடிவை அவரவர் கையில் கொடுக்க வேண்டும் என்பது இதில் கட்டாயம். ரத்தத்தை வாங்கிக்கொண்டு பதில் சொல்லாமல் போனவர்களை இந்த நாட்டு ஏழைகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. திருவனந்தபுரம் சாலைச் சந்தைக்கு வரும் காய்கறியில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து. வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் ஆய்வகம், கடைகளிலிருந்து அவரை, கறிவேப்பிலை, பச்சைமிளகாயெல்லாம் வாங்கிப் போய் மருந்து எச்சம் பார்த்து அறிக்கை வெளியிடுகிறது. 2015இல் இதை வைத்து இரண்டு மாநிலத்துக்கும் இடையே பெரிய தகராறே நடந்தது. நல்ல காரியம், நடக்கட்டும். ஆனால் அந்த மிளகாய்க்கு மருந்து அடித்தவர் தமிழ்நாட்டில் இருக்கிறார். முதுகில் ஸ்பிரேயரும், மூக்கில் ஒரு துண்டும், வெறும் காலுமாக, காற்றடிக்கும் திசையைப் பார்த்து நடக்கிறார். மிளகாயில் இருக்கும் எச்சத்துக்கு இரண்டு மாநில அமைச்சர்கள் அறிக்கை விடுகிறார்கள். அவர் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டு ஓர் அறிக்கையும் வந்ததில்லை.

கலிஃபோர்னியாவில் 1974லிருந்து மருந்து தெளிக்கும் தொழிலாளிக்குக் கோலினெஸ்டரேஸ் பார்க்கிறார்கள். சிவப்பணுவில் அந்த நொதியின் அளவு, அவருக்கு வழக்கமாக இருப்பதில் 70 சதவீதமாகவோ அதற்குக் கீழேயோ இறங்கினால் அவரை அந்த வேலையிலிருந்து விலக்கிவைக்க வேண்டும். திரும்ப ஏறும்வரை மருந்துப் பக்கம் விடக் கூடாது. இந்த நொதியின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். அவருக்கு எது வழக்கம் என்று தெரிய வேண்டுமானால், மருந்தடிக்கும் பருவம் தொடங்குவதற்கு முன்பே அவரிடம் முதல் ரத்தம் எடுத்து வைத்திருக்க வேண்டும்.